ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படம்

கீழே ரொட்டிக் கடை, மேலே என் தையல் அறை. பதினோரு வருஷமாக எனக்கு விடிவதே அந்த வாசனையில்தான். வெளியே இருட்டு விலகியிருக்காது. கீழே மாவு பிசையும் இயந்திரம் கடகடவென்று ஓட ஆரம்பித்துவிடும், என் கட்டில் கால் லேசாக அதிரும். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. மாவு எழும்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு அடுப்புக் கதவு திறக்கும் இரும்புச் சத்தம். முதல் தட்டு வெளியே வந்ததும் வாசனை என் ஜன்னலுக்கு ஏறும், நான் எழுந்துவிடுவேன்.

கடைக்காரரைத் தெருவே அண்ணன் என்று கூப்பிடும். அவர் மனைவி அக்கா. அவர்களைவிட மூத்தவர்களுக்கும் அவர்கள் அண்ணனும் அக்காவும்தான். அண்ணன் உள்ளே, அக்கா வெளியே என்பது கடை திறந்த நாளிலிருந்து ஏற்பாடு. பிசைவது, உருட்டுவது, தட்டில் அடுக்குவது, நீளக் காம்பு வைத்த பலகையால் அடுப்புக்குள் தள்ளுவது எல்லாம் அண்ணன். அவருடைய முன்கை இரண்டிலும் ஏணிப்படி மாதிரி சூட்டுத் தழும்புகள். கவுன்டரில் நிற்பது, நறுக்குவது, உறையில் போடுவது, ஊர் வம்பு பேசுவது எல்லாம் அக்கா. அண்ணன் நாள் முழுக்கப் பேசுகிறதை அக்கா ஒருவருக்குப் பன் எடுத்துக் கொடுப்பதற்குள் பேசி முடித்துவிடுவார். "அவர் பங்கையும் சேர்த்து நான்தானே பேசணும்" என்பார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே நாலு தெரு தள்ளியிருக்கிற பெரிய கடையை விட்டுவிட்டு இங்கே வருகிறவர்கள் உண்டு.

அவர்கள் இருவரும் பட்டணத்துக்கு மூன்று நாள் லீவில் போய் வந்ததைத்தான் சொல்ல வந்தேன். நான் கூடப் போகவில்லை. அண்ணன் ஒரு தரம் சொன்னார், அக்கா பல தரம் சொன்னார். ரெண்டையும் ஒட்டித் தைத்துத்தான் சொல்கிறேன்.

அந்த வருஷக் கோடையில் அக்காவின் இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி கிடையாது. அண்ணன்தான் முதலில் பார்த்தார். "அங்க என்ன, மாவு ஒட்டியிருக்கா?" என்று கேட்டாராம். அக்கா தடவிப் பார்த்தார். மாவு இல்லை.

அடுப்பை விட்டுவிட்டு அண்ணனால் நகர முடியாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு அக்கா தனியாகத்தான் போனார், மூன்று தடவை. மூன்றாவது தடவை டாக்டர் உட்காரவைத்து விவரமாகச் சொன்னார். கட்டி கெட்டது இல்லை. ஆனால் விட்டுவைத்தால் வளரும், பின்னால் கெட்டதாக மாறவும் கூடும், எடுத்துவிடுவதுதான் நல்லது. சிக்கல் என்னவென்றால், முகத்தை அசைக்கிற நரம்பு அந்த இடத்துக்குள் புகுந்து கிளை பிரிந்து போகிறது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் நரம்பு சோர்ந்துபோகலாம். அப்படியானால் அந்தப் பக்கம் கண் முழுசாக மூடாது, உதடு மேலே தூக்காது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாது.

அக்கா பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு கவுன்டருக்குப் போனார். கூட்டம் குறைந்ததும் உள்ளே எட்டிப் பார்த்து அண்ணனிடம் சொன்னார்: "சின்னக் கட்டிதானாம். எடுத்துட்டா சரியாப் போச்சு. ரெண்டு நாள் படுத்திருந்துட்டு வந்துடலாம்."

"வலிக்குமா?"

"மயக்க மருந்து கொடுத்துத்தானே செய்வாங்க."

"உம்" என்றார் அண்ணன். அவ்வளவுதான் பேச்சு.

வேறு ஊரில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற மகளுக்கும் இதே சின்னக் கட்டிக் கதைதான் போனது. அவள்தான் இந்த லீவைக் கிளப்பிவிட்டவள். "ஆபரேஷனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குல்ல? அதுக்கப்புறம் நீ ரெஸ்ட்ல இருப்ப. இப்பவே ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல கடையைத் தவிர எதைப் பார்த்தீங்க?" என்று சொல்லி, பட்டணத்தில் ரூமும் ரயிலும் அவளே போட்டுவிட்டாள்.

அண்ணனுக்கு மூன்று நாள் கடையைச் சாத்துவது என்றால் மூன்று நாள் மூச்சை அடக்குவது மாதிரி. அதைவிடப் பெரிய கவலை, ஜாடியில் அவர் வளர்த்துவைத்திருக்கிற புளித்த மாவு. தினமும் அதற்குப் புது மாவும் தண்ணீரும் வைக்க வேண்டும். அந்த ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். "காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். வெயில்ல வெக்காதே. மூடியை இறுக்காதே" என்றார். என்னிடம் அவர் ஒரே மூச்சில் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

அக்கா வேறு காரியமாக வந்தார். கடல் மாதிரி நீலத்தில் ஒரு புது உடுப்பு. கழுத்தைக் கொஞ்சம் இறக்கி வெட்டித் தரச் சொன்னார்.

"இதுவே நல்லாத்தானே இருக்கு அக்கா?"

"இல்லடி, காதுலேர்ந்து கழுத்து வரைக்கும் நல்லாத் தெரியணும். மறைக்கக் கூடாது."

அந்த வயசில் கழுத்தை ஏற்றித் தைக்கச் சொல்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். லீவுக் குஷி என்று நினைத்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தேன்.

பட்டணத்தில் அவர்களுக்கு ஆறாவது மாடியில் ரூம். ஜன்னல் திறக்காது. அண்ணன் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, செய்ய ஒன்றும் இல்லாமல், படுக்கை விரிப்பை நாலு மூலையும் சரியாக மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மியூசியத்துக்குப் போனார்கள். அண்ணனுக்கு அங்கே பிடித்தது பழைய காலத்து மாவு அரைக்கும் கல் ஒன்றுதான். இரண்டாம் நாள் படகில் போனார்கள், காற்றில் அக்காவின் குடை முதுகை வளைத்துக்கொண்டது. சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "மாவு எழும்புச்சா?" என்று அண்ணன் கேட்டார். "எழும்புச்சு அண்ணே, ஜாடி விளிம்பு வரைக்கும்" என்றேன். வைத்துவிட்டார்.

அந்தச் சாயங்காலம் ரூமுக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா மெதுவாக ஆரம்பித்தார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு. நீங்க ரூம்லயே இருங்க. எட்டு மணிக்கு வந்துடுவேன்."

"இந்த ஊர்ல உனக்கு என்ன வேலை?"

"ஒரு போட்டோக்காரப் பொண்ணை புக் பண்ணியிருக்கேன். ஒரு மணி நேரம். ஆத்தங்கரையில வெச்சு எடுப்பாளாம்."

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "யாரை?"

"என்னைத்தான். வேற யாரை?"

"உன்னை மட்டுமா?"

"போன்ல மூணு கட்டம் இருந்துச்சு. குடும்பம், ஜோடி, தனி ஆள். நீங்க வர மாட்டீங்கன்னு தனி ஆள்ல தொட்டுட்டேன். உங்களுக்குத்தான் கேமராவைக் கண்டாலே போலீஸைக் கண்ட மாதிரி முகம் போயிடுதே."

அது உண்மைதான். கடையில் மாட்டியிருக்கிற ஒரே படத்தில் அண்ணன் எதையோ திருடி அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி நிற்பார்.

"எப்ப புக் பண்ணினே?"

"கடையில, மத்தியானத்துல. நீங்க தட்டுக் கழுவிக்கிட்டு இருந்தீங்க."

அண்ணன் சூப்பைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நானும் வர்றேன். ஓரமா நின்னுக்கறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆற்றோர நடைபாதையில் கூட்டம் இல்லை. ஓடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர், தெருவைக் கூட்டுகிறவர் ஒருவர். தண்ணீருக்கு இறங்குகிற கல்படிகளில் அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு, முப்பது வயசு இருக்கும். இரண்டு தோளிலும் இரண்டு கேமரா, பல காலம் உழைத்த செருப்பு. முதலில் மேடம், சார் என்றாள். அக்கா அவளிடம், சாப்பிட்டாயா, எங்கிருந்து வருகிறாய், இத்தனை எடையைச் சுமந்தால் முதுகு வலிக்காதா என்று கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் அக்காவும் அண்ணனும் ஆகிவிட்டார்கள்.

ஆனால் கேமரா முகத்துக்கு நேரே வந்ததும் அக்காவுக்கு வாய் அடைத்துக்கொண்டது. சிரி என்றால் பல்லைக் காட்டினார், அவ்வளவுதான். பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கவுன்டர் இல்லாமல் நிற்பது அவருக்குப் பழக்கமே இல்லை. படியில் உட்காரவைத்து எடுத்தாள், தூண் பக்கம் நிறுத்தி எடுத்தாள், நடந்து வரச் சொல்லி எடுத்தாள். காற்று வேறு முடியைக் கொண்டுவந்து வாயில் போட்டது. கால் மணி நேரம் போயிற்று. அண்ணன் சொன்னபடி ஓரமாக, அக்காவின் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் கேமராவைத் தாழ்த்தினாள். அவளுக்கும் கவலை. "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. இடது பக்கம்தானே முக்கியம்? நீங்க புக் பண்ணும்போது எழுதியிருந்தீங்கல்ல, ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தப் பக்கம் சிரிப்பு வராமலே போயிடலாம்னு. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. எப்படியாவது நல்லா எடுத்துக் கொடுத்துடணும்" என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க கவலைப்படாதீங்க அண்ணா, எடுத்துடலாம்" என்று தைரியம் வேறு சொன்னாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருந்தே?"

அக்கா முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"என்ன எழுதியிருந்தே, சொல்லு."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு நாலைந்து படி கீழே இறங்கித் தண்ணீரைப் பார்த்து நின்றாள்.

அக்கா சொன்னார். டாக்டர் சொன்னதை எல்லாம், நரம்பு, கண், உதடு எல்லாம், ஒன்று விடாமல். சொல்லும்போது குரல் நடுங்கவில்லையாம். பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த விஷயம்.

அண்ணன் கத்தவில்லை. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் காது சிவந்துபோயிற்று என்று அக்கா சொன்னார்.

"போன்ல ஒரு கட்டத்துல எழுதத் தெரியுது. முகம் தெரியாத ஒரு பொண்ணுகிட்ட சொல்லத் தெரியுது. பத்தடி தள்ளி நிக்கறவன்கிட்ட சொல்லத் தெரியல."

"சொல்லியிருந்தா நீங்க ஆபரேஷனே வேண்டாம்னிருப்பீங்க."

"சொல்லிப் பார்த்தியா?"

"சொல்லல."

"அப்புறம் நான் என்ன சொல்லியிருப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "எனக்கே பயமா இருந்துச்சுங்க. நான் பயந்தா எனக்கு மட்டும்தான் தெரியும். உங்ககிட்ட சொன்னா உங்க முகத்துலயும் அந்தப் பயம் வந்துடும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிக் கடையில நிப்பேன்? வர்றவங்ககிட்ட எப்படிச் சிரிப்பேன்? இருக்கிற மூணு வாரமாவது நல்லாச் சிரிச்சுட்டுப் போயிடலாம்னு பார்த்தேன்."

அண்ணன் கைப்பையை அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அக்கா கல்படியில் உட்கார்ந்திருந்தார். மேலே சின்னத் தூறல். அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் குடையை விரித்து இருவருக்கும் பிடித்தாள். "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றாள். "நீ என்னம்மா பண்ணுவே, நான் பண்ணினது" என்றார் அக்கா. "எட்டு மணிக்கு வேற யாரோ வருவாங்கன்னியே. உன் நேரம் போகுது." "போகட்டும் அக்கா. அண்ணா வரட்டும்."

அண்ணன் தூரமாகப் போகவில்லை. நடைபாதை முடிகிற இடத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் காப்பியும் ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்தார். அண்ணன் அங்கே போய் நின்றார். எதற்கு நின்றேன் என்று அவருக்கே தெரியாதாம். "காலுக்கு ரொட்டி இருக்கிற இடம்தான் தெரியும்" என்றார் என்னிடம். அந்த ஆள் என்ன வேண்டும் என்று கேட்டதும் மூன்று உருண்டை ரொட்டி வாங்கிக்கொண்டார். தூறலில் நனைந்துகொண்டே திரும்பி வந்தார்.

வந்து அக்காவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். பேச்சு தொழிற்சாலை மேஸ்திரி மாதிரி இருந்தது.

"கண்ணு மூடலன்னா என்ன பண்றது?"

"சொட்டு மருந்து விடணுமாம். தூங்கும்போது கண்ணை மூடி பிளாஸ்திரி ஒட்டிக்கணும்."

"சாப்பிட முடியுமா?"

"முடியும். தண்ணி குடிச்சா அந்தப் பக்கம் ஒழுகலாம்."

"பேச்சு?"

"கொஞ்சம் குழறலாம்."

"நீ பேசறதுல கொஞ்சம் குழறினா ஒண்ணும் குறைஞ்சுடாது" என்றார் அண்ணன். சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு, "கட்டியை விட்டுவெச்சா?"

"அது நல்லதில்லையாம்."

"அப்ப எடுத்துத்தான் ஆகணும்."

"ஆமா."

"உம்" என்றார். ஒரு ரொட்டியை அக்காவிடம் நீட்டினார், ஒன்றை அந்தப் பெண்ணிடம் நீட்டினார், மூன்றாவதைத் தான் கடித்தார். கண்ணில் நீர் நின்றுகொண்டிருக்கிறது, வாயில் ரொட்டி. மென்றார். மெல்லுவது நின்றது. கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார், அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார்.

"என்ன இது? இவன் உப்பே போடலியே."

அக்கா நிமிர்ந்தார்.

"மாவை எழும்பவே விடல. அரை மணி நேரம்கூட விடல. அடி வெந்திருக்கு, நடுவுல பச்சை. என்ன அவசரம் இவனுக்கு? இதையும் ஒருத்தன் காசு கொடுத்து வாங்கறானே!" என்றார் உண்மையான கோபத்தோடு. இன்னும் கொஞ்ச நாளில் மனைவிக்கு நடக்கப்போவதற்கு வர வேண்டிய கோபம் எல்லாம் அந்த ரொட்டிக்காரன் மேல் போய் விழுந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுகை நின்றபாடில்லை, அதன் நடுவிலேயே. வாயில் இருந்த ரொட்டியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "அந்த ஒருத்தன் நீங்கதாங்க!" என்று சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அண்ணன் ஒரு நொடி முறைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அவரும் சிரித்தார். அவர் சிரிப்பு சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் ஆடும்.

குடை எப்போது கீழே விழுந்தது, அந்தப் பெண் எப்போது எழுந்து போனாள் என்று இருவருக்கும் தெரியாது. நாலு படி கீழே, தண்ணீர் ஓரத்தில் மண்டி போட்டு அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்சம் அடங்கியதும் அவள் மேலே வந்து அண்ணனிடம் கேட்டாள். "அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அக்கா சிரிப்பு எங்கேர்ந்து ஆரம்பிக்கும்? எனக்குச் சொன்னீங்கன்னா அதுக்கு முன்னாடியே ரெடியா இருப்பேன்."

இப்படி ஒரு கேள்விக்கு அண்ணன் பதில் சொல்வார் என்று அக்கா நினைக்கவே இல்லை.

"மொதல்ல கண்ணு" என்றார் அண்ணன். "இடது கண்ணு கொஞ்சம் சுருங்கும். அப்புறம் இந்த ஓரம்" என்று அக்காவின் இடது உதட்டோரத்தை விரலால் காட்டினார். "இது மேல போகும். இங்க ஒரு கோடு விழும். வலது பக்கம் அப்புறம்தான் வரும். வராமலும் இருக்கும், ஆள் பிடிக்காத ஆளா இருந்தா."

"இதெல்லாம் எப்பங்க பார்த்தீங்க?" என்றார் அக்கா.

"எப்பவா? நீ கவுன்டர்ல நிக்கறே, நான் அடுப்புகிட்ட நிக்கறேன். கதவு வழியா எனக்குத் தெரியறது அந்த ஒரு பக்கம்தானே. இருபத்தாறு வருஷமா வேற எதைப் பார்க்கறேன்?"

கட்டியை எடுக்கப்போகிற பக்கமும் அதுவே. தெரு கூட்டுகிறவர் நனைந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்து போனார்.

மிச்சமிருந்த நேரத்தில் அந்தப் பெண் அண்ணனை ஓரமாக நிற்க விடவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அக்கா கேமராவைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். எட்டு மணிக்கு வர வேண்டிய புது ஜோடி வந்து குடைக்குள் நின்றது; அவள் கையைக் காட்டிக் காக்கச் சொல்லிவிட்டு இன்னும் பத்து நிமிஷம் எடுத்தாள். கடைசியில் அண்ணனே, "எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணு" என்றார். அதில் அவர் வழக்கம்போல் போலீஸைப் பார்த்த முகத்தோடு நிற்கிறார். ஆனால் கை அக்காவின் கையைப் பிடித்திருக்கிறது.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "பொண்ணுக்கும் சொல்லு" என்பதுதான். அக்கா போன் போட்டுச் சொன்னார். மகள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

ஆபரேஷன் அன்றைக்குக் கடை சாத்தியிருந்தது. மத்தியானம் நானும் போனேன். அக்காவின் தலையைச் சுற்றிக் கட்டு, கழுத்தில் ஒரு குழாய். மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் வந்தார். புருவத்தைத் தூக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். கடைசியில், "சிரிங்க பார்க்கலாம்" என்றார்.

அக்கா சிரித்தார். உடனே அண்ணனைப் பார்த்தார். "எப்படி இருக்கு?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எதையாவது சொல்லி மழுப்பலாமா என்று பார்த்தேன். அண்ணன் கிட்டே போய்க் குனிந்து, அடுப்புக்குள் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"இடது பக்கம் வரல."

"கொஞ்சமும் வரலையா?"

"கொஞ்சமும் வரல. வலது பக்கம் நல்லா வந்திருக்கு. கண்ணு முக்கால்வாசி மூடுது."

நர்ஸ் அவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார், அவர் சொன்ன முக்கால்வாசி. கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்றார். "பொய் சொல்லியிருந்தீங்கன்னா பயந்திருப்பேன்" என்று குழறிக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் ஐந்தாறு தடவை கண்ணுக்குச் சொட்டு மருந்து. தடித்த விரல், சூடு பழகிய விரல். ஆனாலும் அண்ணன் கையிலிருந்து ஒரு சொட்டு வீணாகவில்லை. பட்டணத்துப் பெண் படங்களை அனுப்பியிருந்தாள், நாற்பதுக்கு மேல். வாயில் ரொட்டியோடு அழுதுகொண்டே சிரிக்கிற படத்தை மகள் பெரிசாகப் போட்டு வந்தாள். அக்கா அதைப் பார்க்க மறுத்துவிட்டார். அண்ணன் வாங்கி மாவு மூட்டை அடுக்குகிற அறையில் மாட்டிக்கொண்டார்.

ஐந்து வாரம் அக்கா கவுன்டர் பக்கமே வரவில்லை. உள்ளே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து உருண்டை உருட்டினார். அண்ணன் விடியுமுன் அடுப்பு வேலையை முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றார். நின்றால் போதுமா? வருகிறவர்கள் அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "கண்ணு தேவலை, உதடு இன்னும் வரல" என்று டாக்டர் சீட்டு மாதிரி ஒப்பிப்பார். ஒரு நாள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஆறு பன் கேட்டார். அண்ணன், "இன்னைக்கு பன் சரியா வரல. வாங்காதீங்க, நாளைக்கு வாங்க" என்றார். அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் திரும்பிப் போகிறதைக் கேட்டதும் உள்ளே முக்காலி நகர்கிற சத்தம்.

அக்கா கையில் மாவோடு வெளியே வந்துவிட்டார். "என்னங்க பண்றீங்க? கடையை நடத்தறீங்களா, மூடறீங்களா? பன்னுக்கு என்ன குறை? மேல கொஞ்சம் வெடிச்சிருக்கு, அவ்வளவுதானே! டீச்சரைக் கூப்பிடுங்க!" என்று இரைந்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த டீச்சரம்மா திரும்பி வந்தார். அக்காவின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இருந்தது. டீச்சரம்மா அதைப் பார்த்தார், கண்ணை விலக்கவில்லை. "ஆறு இல்ல, எட்டாக் கொடு. உன்னைப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு" என்றார். அக்கா சிரித்தார். பாதிதான் வந்தது. அந்தப் பாதியோடு அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நின்று விற்றார்.

நாலாவது மாதம் இடது உதட்டோரம் துடித்தது. எட்டாவது மாதத்தில் சிரிப்பு ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு குறை தங்கிவிட்டது. களைத்துவிட்டால் அந்த ஓரம் மட்டும் தொங்கிவிடும். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் சாயங்காலம் நான் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தேன். நல்ல கூட்டம். அக்கா பேசிக்கொண்டே நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"போ, போய் உட்காரு."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

அண்ணன் அவர் உதட்டோரத்தைப் பார்த்தார். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"பாருடி" என்றார் என்னிடம். "இவர்கிட்ட இனிமே ஒரு பொய் சொல்ல முடியுதா? வாயைத் திறக்கறதுக்குள்ள என் மூஞ்சியே போய்க் கோள் சொல்லிடுது."

சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் கத்தியை எடுத்து, அக்கா விட்ட இடத்திலிருந்து நறுக்க ஆரம்பித்தார்.